நிறுத்தியிருந்த காரை இடித்தது யார் என்று எப்படி நிரூபிப்பது?

கேள்வி கேட்டவர் திருப்பூர்க்காரர். வீட்டுக்கு முன்னால் தெருவோரம் நிறுத்தியிருந்த காரின் வலது பக்கம் இரண்டு கதவுகளும் உள்ளே போய் நீளமாகக் கோடு விழுந்திருக்கிறது. எதிரே இருக்கும் பனியன் கம்பெனிக்கு வந்துபோகும் வேன்தான் இடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார். டிரைவர் நான் இல்லவே இல்லை என்கிறார். இனி என்ன செய்வது?

நான் அவிநாசி பக்கம் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நிறுத்திய இடத்தில் அடிவாங்கிய வண்டிகள்தான் எனக்கு வரும் வேலையில் பெரும்பாதி, அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்று. அந்த டிரைவரிடம் மறுபடி சண்டைக்குப் போகாதீர்கள், இப்போதைக்கு. அவர் இடித்திருந்தால் நீங்கள் கேட்கக் கேட்க உஷாராகி வேனில் இருக்கும் அடையாளத்தைத் தேய்த்து டச்சப் பண்ணிவிடுவார். அவர் இடிக்கவில்லை என்றால், தினமும் அந்தத் தெருவுக்கு வந்து பிழைக்கிற ஒரு மனுசனை நாலு பேர் முன்னால் திருடனைக் கேட்பது போலக் கேட்டிருக்கிறோம். இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்று கீழே சொல்கிறேன்.

அடுத்து, வண்டியைக் கழுவாதீர்கள். துடைக்கவும் கூடாது. நிறையப் பேர் ஆத்திரத்தில் ஈரத்துணியை எடுத்து, கோடு போகுமா பார்க்கலாம் என்று தேய்த்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். அந்தக் கோட்டில் ஒட்டியிருக்கும் அடுத்த வண்டியின் பெயின்ட்தான் உங்கள் முதல் சாட்சி. துணியில் கொஞ்சம் தின்னரைத் தொட்டுத் தேய்த்தால் பாதி போய்விடும். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டேப்பைத் தரையிலிருந்து நேராகப் பிடித்து, அடி, அங்குலம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். தூரத்திலிருந்து தெருவும் வீடும் தெரிய ஒன்று, முழு வண்டியும் தெரிய ஒன்று, பிறகு பக்கத்தில் போய் ஒவ்வொரு நசுங்கலும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் உச்சி வெயிலில் தெரியாத பள்ளமெல்லாம் தெரியும். தரையில் கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக் சில்லு ஏதாவது கிடந்தால் கிடக்கிறபடியே படம் எடுத்துவிட்டு ஒரு கவரில் போட்டு வையுங்கள். லேம்ப், பம்பர் துண்டுகளின் உள்பக்கம் சில சமயம் பார்ட் நம்பர் அச்சாகியிருக்கும், எந்த மாடல் வண்டி என்பதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது உயரம். பட்டறையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காரின் பம்பர் மூலை படுகிற உயரம் வேறு, வேனின் பக்கவாட்டுக் கதவு படுகிற உயரம் வேறு, லோடு ஆட்டோவின் பாடி மூலை படுகிற உயரம் வேறு. பைக் என்றால் ஹேண்டில்பார் மேலே ஒரு குத்து, கிராஷ் கார்டு அல்லது ஃபுட்ரெஸ்ட் கீழே ஒரு கீறல், இரண்டும் ஜோடியாக வரும். ஆனால் ஒன்றிரண்டு அங்குலம் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு வண்டியை விட்டுவிடவும் கூடாது: லோடு ஏற்றிய வண்டி ஸ்பிரிங் அமுங்கிக் கீழே இறங்கி நிற்கும், பிரேக் பிடிக்கிற நேரத்தில் மூக்கு தாழும். அரை அடி, முக்கால் அடி வித்தியாசம் என்றால்தான் அந்த வண்டி இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையும் வண்டியே சொல்லும். முன்கதவும் பின்கதவும் சேரும் அந்த இடுக்கைப் பாருங்கள். முன்னாலிருந்து பின்னால் நோக்கி உரசியிருந்தால் பின்கதவின் முன் விளிம்பு மாட்டிக்கொண்டு பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். பின்னாலிருந்து முன்னால் வந்திருந்தால் முன்கதவின் பின் விளிம்பு அடிவாங்கியிருக்கும். ஹேண்டில், பீடிங் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் இடங்களிலும் இதே கதைதான். இது தெரிந்தால், வேன் தெருவுக்குள் நுழையும்போது பட்டதா, ரிவர்ஸ் எடுக்கும்போது பட்டதா என்று யோசிக்கலாம், கேமராவில் எதைத் தேடுவது என்றும் தெரியும்.

இதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கஸ்டமர், பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைக் கார் மீது சந்தேகப்பட்டார். அந்தக் காரின் பம்பர் மூலையில் புதுக் கீறல் ஒன்று இருந்தது, அவ்வளவுதான் ஆதாரம். பேச்சு முற்றி, கோயிலுக்கு வாங்க, கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுங்க என்கிற அளவுக்குப் போய்விட்டது. வண்டி பட்டறைக்கு வந்தபோது டேப் வைத்துப் பார்த்தேன், கோடு தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி. பக்கத்து வீட்டு பம்பர் கீறல் இரண்டு அடிகூட இல்லை. கோட்டுக்குள் வெள்ளை பெயின்ட் துளிகூட இல்லை, மங்கிய நீலமும் துருத்தூளும்தான் இருந்தது. அது இரும்பு பாடி, பழைய வண்டி. அப்புறம் தெருமுனை மளிகைக்கடை கேமராவைப் பார்த்தால், பின் தட்டு திறந்து தொங்கின ஒரு குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் லோடு வண்டி, ரிவர்ஸில் வந்து உரசிவிட்டு, நின்று பார்த்துவிட்டுப் போகிறது. வண்டி ஓனரிடம் வீடியோவைக் காட்டியதும் மறுபேச்சு பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது: "காருக்கு ஆனது போச்சுங்க, நாலு பேரு முன்னால கேட்டீங்க பாருங்க, அதுதானுங்க மனசுல நிக்குது." கதவை நான் பட்டி போட்டு நேராக்கிவிடுவேன். இதை யாரும் நேராக்க முடியாது. அதனால்தான் மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

சரி, உங்கள் விஷயம். நிரூபிப்பது என்றால் இந்த நேரத்தில் வண்டி நன்றாக இருந்தது, இந்த நேரத்தில் அடிபட்டிருந்தது, நடுவில் இந்த வண்டிதான் பட்டது என்று மூன்றையும் கோர்க்க வேண்டும். எல்லோரும் மூன்றாவதற்கே ஓடுகிறார்கள், முதல் இரண்டையும் கேட்டால் விழிக்கிறார்கள். முந்தின நாள் பெட்ரோல் பங்குக்குப் போனீர்களா, அங்கே கேமரா இருக்கும். வாட்டர் வாஷ் விட்டீர்களா, பில் இருக்கும். வீட்டில் யாராவது கடைசியாக வண்டிப் பக்கம் போனது எப்போது என்று கேளுங்கள். இந்த இடைவெளி சுருங்கச் சுருங்க வேலை சுலபம், ராத்திரி முழுக்க என்றால் எத்தனையோ வண்டிகள், இரண்டு மணி நேரம் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேமராவுக்கு அவசரப்படுங்கள். கடைகளில் இருக்கும் டிவிஆர் பெட்டியில் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதுசு ஏறிவிடும், சில இடங்களில் ஒரு வாரத்துக்குள்ளேயே அழிந்துவிடும். கடைக்காரரிடம் போனதும் முதலில் திரையில் ஓடும் கடிகாரத்தையும் உங்கள் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுங்கள், ஏனென்றால் பாதி டிவிஆர்களில் நேரம் தப்பாகத்தான் ஓடும், பிறகு எதிராளி அதைப் பிடித்துக்கொள்வார். திரையைச் செல்போனில் எடுத்தது பேசி முடிக்கப் போதும். கோர்ட் வரை போகும் என்று தோன்றினால் பென்டிரைவில் அசல் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும், அதில் அந்த ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்) எழுத வேண்டும். கடைக்காரர் கொடுக்கத் தயங்கினால் சண்டை போடாதீர்கள், அழிக்காமல் மட்டும் வையுங்கண்ணா, போலீஸ் கேட்டால் கொடுங்க என்று சொல்லிவிட்டு வந்து புகாரில் அந்தக் கேமராவைக் குறிப்பிடுங்கள்.

கேமரா இல்லை என்றாலும் திருப்பூரில் வேறு வழி இருக்கிறது. பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் நோட்டு இருக்கும், வண்டி நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் அதில் ஏறும். துணி ரோலோ, பீஸோ இறக்கியிருந்தால் டெலிவரி சலான் இருக்கும், அதிலும் பெரும்பாலும் வண்டி நம்பர் எழுதியிருப்பார்கள். கம்பெனி மேனேஜரிடம் உங்கள் டிரைவர்தான் இடித்தார் என்று ஆரம்பிக்காமல், அந்த நேரத்தில் எந்தெந்த வண்டி வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் நோட்டைத் திறப்பார். வாடகை வண்டியாக இருந்தால் நம்பர் முன்னும் பின்னும் மட்டுமில்லை, பாடியின் இரண்டு பக்கமும் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி, அதனால் வண்டியின் பக்கவாட்டு மட்டும் தெரிகிற கேமரா காட்சியிலும் நம்பர் கிடைக்கலாம். முழு நம்பர் கிடைத்ததும் அரசின் பரிவாகன் தளத்தில் போட்டால் எந்த ஆர்டிஓ, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும், ஓனர் பெயர் பாதி மறைந்துதான் வரும்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுத்து, புகார் வாங்கியதற்கு அவர்கள் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம், பேசி முடிச்சுக்குங்க என்று சொன்னாலும் ரசீதை விடாதீர்கள். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் ஆக்கிய டிரைவர், அந்த இடத்தில் போலீஸ் இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும் என்று 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்ட நேரத்தில் வண்டியை யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் ஓனர் சொல்லியாக வேண்டும், அது 133. ஆக, எங்க டிரைவர் யாருன்னே தெரியலைங்க என்று கம்பெனி கைவிரிக்க முடியாது.

நஷ்டஈட்டு வழக்கில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். நின்றுகொண்டிருந்த வண்டி தானாகப் போய் எதிலும் மோதாது என்பதே உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் நீங்கள் வளைவிலோ, கேட்டை மறித்தோ, நோ பார்க்கிங்கிலோ நிறுத்தியிருந்தால் பழியில் ஒரு பங்கை உங்கள் மேலும் போடுவார்கள். எதிர் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் அதிலிருந்தே வாங்கலாம்: நான்கு சக்கர வண்டிக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை, பைக்குக்கு ஒரு லட்சம் வரை சொத்துச் சேதத்துக்குக் கவர் உண்டு. அதற்குப் போக வேண்டிய இடம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தப்படி ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இரண்டு கதவுக்காக அவ்வளவு தூரம் போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் போக முடியும் என்று எதிராளிக்குத் தெரிந்தாலே பேச்சு சுருக்கமாக முடிகிறது.

பேசி முடித்தால் வெள்ளைத்தாளிலாவது எழுதுங்கள். தேதி, இடம், இரண்டு வண்டி நம்பரும், எந்தச் சேதம், எவ்வளவு தொகை, இரண்டு பேர் கையெழுத்து. பணத்தை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ வாங்குங்கள். இனி எந்தப் பாக்கியும் இல்லை என்ற வரியை, கதவு உள்பக்கம் வரை கழற்றிப் பார்த்த எஸ்டிமேட் கைக்கு வருவதற்கு முன்னால் எழுதிக் கொடுக்காதீர்கள். வெளியே கோடாகத் தெரிவது உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் சேனல் வரை வளைத்திருக்கும், அதை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்து யாரிடம் போய்க் கேட்பது?

யாரென்று கடைசி வரை தெரியவில்லை என்றால் உங்கள் பாலிசிதான். யாரென்று தெரியாத வண்டி இடித்ததற்கு அரசு கொடுக்கும் இழப்பீடு உயிர்ச் சேதத்துக்கும் பலத்த காயத்துக்கும் மட்டும், காருக்குக் கிடையாது. முழுக் காப்பீடு இருந்தால் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள், அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். கட்டாயக் கழிவு 1500 சிசி வரை ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் இரண்டாயிரம், அது உங்கள் கைக்காசு. கிளெய்ம் எடுத்தால் அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருடம் எடுக்காதவருக்கு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி அது, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். அதனால் ஐந்தாறாயிரத்துக்குள் முடிகிற வேலை என்றால் சொந்தக் காசில் செய்துகொள்ளுங்கள் என்றுதான் என் கஸ்டமர்களுக்குச் சொல்வேன். இரண்டு கதவும் உள்ளே போயிருக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் உங்களுக்கு கிளெய்ம்தான் லாபமாக இருக்கும், எஸ்டிமேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்த வேன் அடுத்த தடவை கம்பெனி வாசலில் நிற்கும்போது அதன் இடது பக்கம், வலது பக்கம், பின் மூலை எல்லாவற்றையும் டேப்போடு படம் எடுத்து உங்கள் கதவுப் படத்தோடு வைத்துப் பாருங்கள். உயரமும் பெயின்ட்டும் பொருந்தினால் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த டிரைவரைக் கூப்பிட்டு, நீங்க இல்லைங்கண்ணா, மனசுல வச்சுக்காதீங்க என்று அதே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டு வாட்ச்மேன் நோட்டில் இருக்கும் அடுத்த நம்பரைப் பாருங்கள்.