முதல் கார், பழைய எஸ்.யூ.வி., 6 லட்சம் ரூபாய்: தருமபுரியில் எதை வாங்கலாம்?

கேள்வி: தருமபுரி நகரில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். வாரம் ஒருமுறை போய்வருவேன். மாதம் ஒருமுறை பெங்களூரு போக வேண்டும். வீட்டில் 5 பேர். இதுவரை கார் வாங்கியதில்லை. 6 லட்சம் ரூபாய்க்குள் பழைய எஸ்.யூ.வி. எதை வாங்கலாம்?

பதில்:

எந்த மாடல் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பற்றிப் பேசிவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் அதில்தான்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நீங்கள் பார்க்கப்போகும் வண்டிகளில் பல கர்நாடகப் பதிவாக இருக்கும். அதே ஆண்டு, அதே மாடல், விலை மட்டும் குறைவு. புரோக்கர் அதைத்தான் முதலில் காட்டுவார். குறைந்த விலை எப்போதும் உங்கள் பைக்குள் வருவதில்லை. வண்டி உங்கள் பெயரில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டுமானால், அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதற்கான படிவம் 28. பிறகு இங்கே மறுபதிவு, மறுபடியும் ஆயுட்கால வரி. வண்டியின் வயதுக்கேற்ப வரி குறையும் என்றாலும் கையைக் கடிக்கும் தொகைதான். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அதற்குத் தனியாக அலைய வேண்டும். "அப்படியே ஓட்டுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்" என்பார்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால் மட்டும் அந்த வண்டியைப் பாருங்கள். டெல்லிப் பதிவு வண்டிகளும் வருகின்றன. பழைய டீசல் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு இருப்பதால் மலிவாக விற்றுவிடுகிறார்கள். முதல் முறை வாங்குபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

என் யோசனை இதுதான்: டி.என். 29 (தருமபுரி), 24 (கிருஷ்ணகிரி), 70 (ஓசூர்), இந்தப் பதிவுகளில் ஒன்று, முதல் ஓனர், முழு சர்வீஸ் பதிவு. பதிவு, ஓனர், சர்வீஸ் மூன்றும் பொருந்தி வந்தால், மாடல் உங்கள் மனத்துக்கு இரண்டாவது விருப்பமாக இருந்தாலும் அதை எடுங்கள். எந்த மாடலிலும் நன்றாக வைத்திருந்த வண்டியும் உண்டு, சீரழித்த வண்டியும் உண்டு. பக்கத்து ஊரில் விற்பவர் என்றால் அவர் யார், வண்டி எங்கே ஓடியது, கல் குவாரிக்குப் போனதா என்றெல்லாம் இரண்டு பேரைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். வெளிமாநில வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் மைத்துனருக்காக ஓசூரில் ஒரு டீசல் வண்டி பார்க்கப் போயிருந்தோம். வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரி பாலிஷ், உள்ளே புது சீட் கவர். காவேரிப்பட்டணத்திலிருந்து எங்கள் மெக்கானிக் அண்ணனை அழைத்துப் போயிருந்தோம். அவர் பேனட்டைத் திறக்கவே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். யாரும் முழுதாக இழுக்காத பெல்ட் அது. கடைசி வரை இழுத்தார். சுருளுக்குள் இருந்த கடைசி ஒரு முழத்தில் குறுக்கே ஒரு செம்மண் நிறக் கோடு. பெல்ட்டை விரலால் தேய்த்துக் காட்டினார். பொடி மண் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார். அந்தக் குழியின் ஓரத்திலும் அதே வண்டல். தண்ணீரில் மூழ்கி எழுந்த வண்டி. விற்பவரிடம் எதுவும் சொல்லவில்லை, வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

மூழ்கிய வண்டி நம் பக்கம் அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை, 2022 செப்டம்பரில் பெங்களூரு வெளிவட்டச் சாலைப் பகுதி வெள்ளத்தில் மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாலையோரம் நின்ற வண்டிகளையே வெள்ளம் இழுத்துப்போனது. அந்த வண்டிகளில் எவையெல்லாம் துடைத்துக் காயவைத்துச் சந்தைக்கு வந்தன என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை. சீட் பெல்ட், ஸ்டெப்னிக் குழி, தரை விரிப்புக்கு அடியில் ஈரவாடை, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூஞ்சை போன்ற களிம்பு, இவற்றைப் பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை.

இன்னொன்று, நம் மாவட்டங்களுக்கே உரியது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம், எந்த நிறமானாலும் தெளிவாக இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு நிறத் தண்ணீரும், மூடியின் உட்பக்கம் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் படிவமும் இருந்தால் அதில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் நிலத்தடி நீர் எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். ஃப்ளோரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டரையும் எஞ்சினுக்குள் இருக்கும் நீர்ப்பாதைகளையும் அடைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டி சமவெளியில் நன்றாகத்தான் ஓடும். மேட்டில் ஏறும்போது வெப்ப முள் மேலே போகும்.

அதனால் சோதனை ஓட்டத்தை நகருக்குள் முடித்துவிடாதீர்கள். தொப்பூர் கணவாய்க்கும் போக வேண்டாம். லாரிகளுக்கு நடுவே பழகாத வண்டியைச் சோதிக்கும் இடம் அதுவல்ல. வத்தல்மலை அடிவாரம் வரை ஓட்டிப் போய், வண்டி ஓட்டத் தெரிந்தவரை வைத்து முதல் சில கொண்டை ஊசி வளைவுகளை ஏறச் சொல்லுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. இறங்கும்போது பிரேக் அதிர்கிறதா, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்விட வேண்டும். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் பேனட்டைத் தொட்டாலே தெரியும். குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கிலோமீட்டர் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். அதை மாற்றுவது எளிது. கம்பெனி சர்வீஸ் மையத்தில் எடுத்த சர்வீஸ் பதிவை ஓனரிடம் கேளுங்கள்; ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று அதில் இருக்கும். பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற பிரீமியத் தள்ளுபடி, 5 ஆண்டு தொடர்ந்து கிளெய்ம் எடுக்காமல் இருந்தால் 50 சதவீதம் வரை ஏறும். ஒரே ஓனரிடம் 6 ஆண்டு இருந்த வண்டிக்கு அது பூஜ்யமாக இருந்தால், ஒன்று பாலிசி இடையில் அறுந்திருக்க வேண்டும், அல்லது சமீபத்தில் கிளெய்ம் எடுத்திருக்க வேண்டும். எதற்காக என்று கேளுங்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கினால் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்டமாகத் தெரியும். அவை காணாமல் போய் வெறும் பட்டியும் பெயின்டும் இருந்தால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது. பம்பரில் கீறல் இருந்தால் பரவாயில்லை. கதவுகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூணில் டிங்கரிங் நடந்திருந்தால் வேண்டாம்.

இனி மாடலுக்கு வருகிறேன். உங்கள் ஓட்டத்தைக் கூட்டினால் மாதம் 700, 800 கிலோமீட்டர்தான் வரும். அதற்கு டீசல் தேவையில்லை. குறிப்பாக 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. நகருக்குள் சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். பெட்ரோலே எடுங்கள்.

பெட்ரோலில் என் முதல் விருப்பம் 2019-க்குப் பிந்தைய டாடா நெக்ஸான் அல்லது மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 300. குடும்பத்தோடு தேசிய நெடுஞ்சாலை 44-இல் போகப் போகிறீர்கள். புதிதாக ஓட்டப் போகிறீர்கள். 'குளோபல் என்கேப்' மோதல் சோதனையில் நெக்ஸான் 2018 டிசம்பரிலும் எக்ஸ்.யூ.வி. 300 2020-இலும் 5 நட்சத்திரம் வாங்கின. இரண்டு நாள் யோசித்து மூன்றாவதாக ஒன்று சொல்லச் சொன்னால் 2020 முதல் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா. டர்போ இல்லாத சாதாரண எஞ்சின், பராமரிப்பு எளிது. எந்த மாடலானாலும் 2019 ஜூலைக்கு முந்தையதானால் ஏர்பேக், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் வசதி) இருக்கிறதா என்று அந்த வண்டியிலேயே பார்த்து உறுதி செய்யுங்கள். ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது அந்த மாதத்திலிருந்துதான்.

நம் பக்கத்தில் எல்லோரும் பொலேரோவைச் சொல்வார்கள். அஞ்செட்டி, சித்தேரி மலைப் பாதைகளில் பாரம் ஏற்றிப் போகிறவர்களுக்கு அதைப்போல வண்டி இல்லை. ஏணி போன்ற உறுதியான லேடர் சேஸிஸ், பின்புறம் லீஃப் ஸ்பிரிங், எந்தக் கிராமத்திலும் பழுது பார்க்க ஆள் உண்டு. அதனாலேயே பழைய வண்டிக்கும் விலை இறங்குவதில்லை. தார்ச் சாலையில் பென்னாகரம் போய்வரும் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் விலையும் அந்தக் குலுக்கலும் தேவையா என்று யோசியுங்கள். உயரம் பற்றிக் கவலை வேண்டாம். நெக்ஸானின் தரை இடைவெளி 209 மில்லிமீட்டர் என்கிறது கம்பெனி.

டஸ்டரும் எக்கோஸ்போர்ட்டும் ஓட்ட அருமையான வண்டிகள், விலையும் இறங்கிக் கிடக்கின்றன. ஆனால் அந்தப் பழைய டஸ்டர் 2022-இல் நின்றுபோனது. எக்கோஸ்போர்ட் தயாரித்த ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. பாகங்கள் கிடைக்கின்றன, வரவழைக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் டீசல் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட். காலத்தில் மாற்றாமல் அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். வண்டி பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

பணத்தில் 6 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். குறைந்தது 60,000 ரூபாயைத் தனியாக வையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த வயது டயர்களை வாங்கிய கையோடு மாற்ற வேண்டும். ஆயில், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாம் முதல் மாதத்திலேயே வரும். சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து வண்டி வாங்கி, டயர் மாற்றப் பணமில்லாமல் நிறுத்தி வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் 'எம்-பரிவாகன்' செயலியில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கியில் வங்கியின் பெயர் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கடன் கட்டி முடித்திருந்தாலும் வங்கியின் தடையின்மைச் சான்றும் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் வந்து, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் நீங்க வேண்டும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் போக்குவரத்து இ-சலான் தளத்தில் பாருங்கள். பெங்களூருவில் ஓடிய வண்டியானால் மறக்கவே கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உங்கள் கண்முன் கையெழுத்திட வேண்டும். "கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் என்னிடம் இருக்கிறது" என்று புரோக்கர் சொன்னால், ஓனரை நேரில் பார்க்காமல் நகராதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பழைய ஓனரின் பெயரிலேயே பாலிசி இருக்கும்போது வண்டி மோதினால், உங்கள் வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது.

பணத்தை வங்கி வழியாகவே ஆர்.சி. ஓனரின் கணக்குக்கு அனுப்புங்கள். சாவி கைக்கு வரும்போது, வண்டி ஒப்படைக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளில் ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு முந்தைய அபராதமும் விபத்து வழக்கும் அவருடையவை என்று அதிலேயே ஒரு வரி இருக்கட்டும்.