முதலில் மறைவது மங்கா, பணமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முகத்து மங்கு, அதாவது கன்னத்திலும் நெற்றியிலும் வரும் கறுந்திட்டு பற்றித்தான். சரி, ஒரேயடியாக அதையே எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் நைட் கிரீம் என்று சின்ன டப்பாவில் விற்றார். பத்தே நாளில் மங்கு போய் முகம் பளிச்சென்று ஆனது. மூன்று டப்பா வாங்கிவிட்டேன். இப்போது நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, மங்கு முன்பைவிடக் கறுப்பாகத் திரும்புகிறது. என் முட்டாள்தனம்தானே?

பதில்: இல்லவே இல்லை அம்மா. விற்றவர் நிம்மதியாகத் தூங்குகிறார், வாங்கிய நீங்கள் ஏன் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள்?

பத்து நாளில் பளிச், நிறுத்தினால் எரிச்சல் என்றாலே எனக்கு முதலில் ஸ்டீராய்டு மேல்தான் சந்தேகம் வரும். சிவப்பையும் கறுப்பையும் அது சீக்கிரம் அடக்கும். கூடவே தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரியும், பரு வரும், பூனைமுடி வளரும். அடுத்த சந்தேகம் பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், பாதரசம் சேர்த்த வெளுப்பு கிரீம்களைத் தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது. ஆனாலும் லேபிள் இல்லாத டப்பாவில் அது வந்துகொண்டுதான் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும். துண்டு, தலையணை உறை வழியாக வீட்டுக் குழந்தைகள் மேலும் ஒட்டும். ‘நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு முக கிரீமில் எழுதியிருந்தால் பாதரசம் என்றே நினைத்துக்கொண்டு கீழே வையுங்கள்.

டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். இறுக மூடி, ஒரு பையில் போட்டு, தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பணம் அனுப்பிய விவரம், அவருடன் பேசிய செய்திகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கப் போனால் அவைதான் சாட்சி.

கேள்வி: எலுமிச்சைச் சாறு பூசினால் மங்கு போகுமா?

பதில்: பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் புதுக் கறுப்பும் வரும். கழுவிவிடுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் நான்கு வகை சீரம் வாங்கி எல்லாவற்றையும் பூசுகிறேன். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, ஒரு மாற்றமும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், தர மாட்டார்கள். மேல்தோல் ஒரு சுற்று புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அசெலாயிக் அமிலமோ வேறு நல்ல மருந்தோ, எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் எடைபோட முடியும். அதுவும் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துப் பார்த்தால். நான்கையும் ஒன்றாகப் பூசி முகம் எரிந்தால் எது எரித்தது என்று யாரிடம் கேட்பீர்கள்? எரிந்த இடமும் பிறகு கறுக்கும்.

ரொம்பப் பேச எனக்கும் யோக்கியதை இல்லை. தள்ளுபடி என்று பெரிய பாட்டில் வைட்டமின் சி சீரம் வாங்கி, குளியலறையில் வெளிச்சம் படும் இடத்தில் வைத்தேன். பாதி தீருவதற்குள் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கெடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. சின்ன பாட்டிலே போதும்.

கேள்வி: எஸ்பிஎஃப் 100 சன்ஸ்கிரீன் வாங்கினேன். ஏழு மாதமாகத் தினமும் பூசுகிறேன், மங்கு அப்படியே இருக்கிறது. போலியா?

பதில்: ஏழு மாதம் ஒரே ட்யூபா? இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிதுக்கிப் பாருங்கள், அவ்வளவு. தினம் இரண்டு வேளை என்றால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் தாண்டாது. நீங்கள் பூசுவது பட்டாணி அளவு. அந்த அளவில் பூசினால் 100 என்று அட்டையில் போட்டிருப்பது உங்கள் முகத்துக்கு வந்து சேராது.

அந்த எண்ணும் ஒரு வியாபார வித்தைதான். எஸ்பிஎஃப் முக்கியமாக அளப்பது, வெயிலில் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை. 30 என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. அதற்கு மேல் எண் எகிறும், பலன் கொஞ்சம்தான் நகரும். மங்கு கிளம்புவதிலோ யூவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்கும் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. யூவிஏ ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை வழக்கமான நிறமில்லாத சன்ஸ்கிரீன் அவ்வளவாகத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு என்ற நிறமி கலந்த, தோல் நிறத்தில் வரும் வகை தடுக்கும். அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எண், பின்பக்கத்தில் கடுகு எழுத்தில் சேர்மானப் பட்டியல், அதன் மேலேயே விலை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டித்தான் நான் படிக்கிறேன். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு மருத்துவர் எழுதிய ஹைட்ரோகுவினோன் கிரீமை அதே சீட்டில் வாங்கிப் பூசுகிறேன். தொடரலாமா?

பதில்: கூடாது. சில மாதங்களுக்கு மட்டும், மருத்துவர் கண்ணில் பட்டுக்கொண்டே பூச வேண்டிய வெளுப்பு மருந்து அது. வருடக்கணக்கில் போனால் நீலக்கறுப்பாக ஒரு புதுப் படலம் வரலாம், அதைப் போக்குவது மங்கு போக்குவதைவிடக் கஷ்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2001லேயே தோல் வெளுப்பு கிரீம்களில் அதைத் தடை செய்தது.

கேள்வி: நான் ஆண். கழுத்து முழுக்க வெல்வெட் மாதிரி தடித்த கறுப்பு. எந்த கிரீம்?

பதில்: கிரீம் வேண்டாம் ஐயா, முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்து இப்படிக் கறுப்பதுண்டு.

கேள்வி: கர்ப்பத்தில் வந்த மங்கு. இப்போதே ஏதாவது வாங்கட்டுமா?

பதில்: தொப்பியும் சன்ஸ்கிரீனும். பிரசவம் ஆகிச் சில மாதத்தில் பலருக்குத் தானே மங்கிவிடும். வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் பக்கம் இப்போது போக வேண்டாம்.

கேள்வி: லேசர் ஆறு அமர்வு. முழுப் பணமும் முன்னால் கட்டினால் சலுகை, நிரந்தரத் தீர்வு என்று உத்தரவாதமும் தருகிறார்கள்.

பதில்: மங்கு திரும்பி வரும் சுபாவம் உள்ளது. நிரந்தரம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லேசர் சூடே சிலருக்குக் கறுப்பைக் கூட்டும். எனக்குக் கூட்டியது. நானும் ஆறுக்கும் சேர்த்துக் கட்டியவன்தான். இரண்டாவதோடு கன்னத்தில் புதுத் திட்டு வந்தது, நிறுத்திவிட்டேன். மீதி நாலு அமர்வு என் கணக்கில் பத்திரமாக இருக்கிறதாம், மாதம் தவறாமல் போன் செய்து சொல்கிறார்கள்.