மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் நாரியில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்கக் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

கேள்வி இதுதான்: 58 வயது அப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல், தலையிடி. டெங்கு எண்டு நினைத்து வீட்டில் வைத்திருந்தோம். இன்று ஆள் மாறி மாறிக் கதைக்கிறார், கழுத்தை மடக்க முடியவில்லை. நாரியில் ஊசி போடக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் பிறகு நடக்கமாட்டார் எண்டு சொந்தக்காரர் மறிக்கினம். என்ன செய்வது?

கையெழுத்தை இப்பவே வையுங்கோ. மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

வளர்ந்தவர்களில் முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டு) முதலாம் அல்லது இரண்டாம் நாரி முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையில், அல்லது நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில். அங்கே நரம்பு வேர்கள் மட்டும் திரவத்துக்குள் மிதந்துகொண்டிருக்கும், ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். "தண்ணீர் வற்றிவிடும்" என்ற பயத்துக்கும் இடமில்லை. உடம்பில் அந்தத் திரவம் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் இருக்கிறது, நாளுக்கு 500 அளவில் புதிதாக ஊறுகிறது. எடுக்கும் 10 மில்லிலீற்றர் அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடும். ஊசி போட்ட ஆள் எழும்பவில்லை என்று ஊரில் சொல்லும் கதைகளில் ஆளைக் கிடத்தியது பெரும்பாலும் அந்த நோயேதான். சிலருக்கு எழுந்து இருக்கும்போது கூடி, படுத்தால் குறைகிற தலையிடி சில நாள் வரும். அது உண்மை, சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்பாவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடும் நாடியை நெஞ்சோடும் சேர்த்து வளைப்பார்கள். அசையாமல் இருந்தால் வேலை சுகம். குழம்பிப்போயிருக்கிறவரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டிவரும்.

தெளிந்த தண்ணீர் போல் வரவேண்டியது கலங்கி வந்தாலே பற்றீரியா என்று சந்தேகம் வலுக்கும். சாதாரணமாக ஒரு கன மில்லிமீற்றரில் ஐந்து வெண்குருதிக் கலத்துக்கு மேல் இருக்காது. பற்றீரியா என்றால் ஆயிரக்கணக்கில் போகலாம், பெரும்பகுதி நடுநாடிக் கலங்கள் (நியூற்றோபில் என்ற வெண்குருதிக் கலங்கள்). புரதம் டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றருக்கு) 100 மி.கி.க்கு மேல் ஏறும். திரவத்தின் குளுக்கோசு இரத்தத்தில் உள்ளதன் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அதனால் இரத்தச் சீனியையும் அதே நேரம் எடுக்கவேண்டும். இதைத் தவறவிட்டால், நீரிழிவு உள்ளவரின் முடிவை வாசிப்பது கஷ்டம். குழாய்கள் உடனே ஆய்வுகூடம் போகவேண்டும். வார்டு மேசையில் கிடந்தால் கலங்கள் உடையும், எண்ணிக்கை பொய் சொல்லும்.

எல்லோருக்கும் உடனே ஊசி போடுவதில்லை என்பதும் சரி. புதிதாக வலிப்பு, ஒரு பக்கம் இயங்காமை, ஆழ்ந்த மயக்கம் இருந்தால் முதலில் சி.ரி. ஸ்கான். இரத்தத் தட்டுக்கள் 40,000க்குக் கீழே இறங்கியிருந்தாலும் பொறுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் மார்கழி மழையோடு டெங்கு ஏறும் காலத்தில் இது கவனிக்கவேண்டியது. ஆனால் ஸ்கானுக்காகவோ ஊசிக்காகவோ மருந்து காத்திருக்கக்கூடாது. இரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்த கையோடு அன்ரிபயோட்டிக்கின் முதல் டோஸ் ஏறவேண்டும், ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள். இந்த நோயில் மருந்து பிந்தினால் ஆளை இழக்க நேரலாம்.

வழமையான தொடக்கம் செப்ரியாக்சோன் 2 கிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாளத்தில். 50 தாண்டிய உங்கள் அப்பாவுக்கு லிஸ்ரீரியா கிருமியையும் நினைக்கவேண்டும். அதைச் செப்ரியாக்சோன் தொடாது. ஆகவே அம்பிசிலின் 2 கிராம் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சேரும். மருந்துக்கு எதிர்ப்புள்ள நியூமோகொக்கசுக் கிருமி என்ற சந்தேகத்துக்கு வன்கோமைசின். இவற்றின் முதல் டோசுக்குச் சற்று முன்போ கூடவோ டெக்சாமெதசோன் 10 மி.கி., பிறகு 6 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நான்கு நாள். மருந்து பற்றீரியாவை உடைக்கும்போது சிதறும் துண்டுகள் அழற்சியைக் கிளப்பும், அதை அடக்கவே இது. பிந்திக் கொடுத்தால் பயன் குறையும். அன்ரிபயோட்டிக் எத்தனை நாள் என்பது கிருமியைப் பொறுத்தது: மெனிங்கோகொக்கசு என்றால் ஏறக்குறைய ஒரு கிழமை, நியூமோகொக்கசுக்கு 10 முதல் 14 நாள், லிஸ்ரீரியாவுக்கு 21 நாளாவது. காய்ச்சல் விட்டதென்று இடையில் வீட்டுக்குக் கேட்காதேங்கோ.

இன்னொன்று, மிக முக்கியம். இந்த மூன்று நாளில் பாமசியிலோ தனியார் டிஸ்பென்சரியிலோ அன்ரிபயோட்டிக் எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கோ, மட்டையையும் கொண்டுபோங்கோ. மெனிங்கோகொக்கசு நாள ஊசிக்குப் பின் இரண்டு மணித்தியாலத்திலேயே கல்ச்சரில் வளராமல் போகலாம். கலமும் புரதமும் அவ்வளவு சீக்கிரம் மாறா. குளுசை எடுத்த விபரம் தெரியாவிட்டால், கல்ச்சரில் ஒன்றும் இல்லை என்பதை வைரசு என்று எடுத்துவிட இடமுண்டு.

கிருமி மெனிங்கோகொக்கசு என்று வந்தால் மட்டும், கூட இருந்த வீட்டாருக்குச் சிப்ரோபுளொக்சசின் 500 மி.கி. ஒரே தரம் கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கும் பிள்ளைகளுக்கும் தேர்வு வேறாகலாம். எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குத் தேவையில்லை.

வீடு திரும்பிய பிறகு காது கேட்கும் சோதனை நான்கு கிழமைக்குள் கட்டாயம். நியூமோகொக்கசுக்குப் பின் உட்காது எலும்பாக இறுகத் தொடங்கலாம். அப்படி இறுகினால், பிறகு கேட்புக் கருவியை உள்ளே பொருத்துவது மிகக் கடினம். "வயசுக்குக் காது மந்தம்" என்று விட்டுவிடாமல் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.