இருபது பேராக டெல்லி போகிறோம். கோவில், மசூதி, குருத்வாரா எல்லாம் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

குடியிருப்பிலிருந்து இருபது பேர், கையில் மூன்று நாள். பெரியவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மூன்று மதத்தவர்கள், சாமியே கும்பிடாத இரண்டு பேர். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டெல்லிவாசி. ஊரிலிருந்து வரும் சொந்தபந்தங்களைச் சுற்றிக்காட்டும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கூட்டமாகப் போகும்போது நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, செருப்பு. இருபது பேர் கழற்றிக் கொடுத்து, டோக்கன் வாங்கி, திரும்ப மாட்டி, "ராஜி அத்தை எங்கே?" என்று தேடி முடிப்பதற்குள் அரை மணி போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு ஆறு இடம் என்று டிராவல்ஸ்காரர் போட்டுத் தரும் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்குங்கள்.

ஒரு பகலை முழுசாகச் சாந்தினி சௌக்குக்குக் கொடுக்கலாம். செங்கோட்டைக்கு எதிரில் தொடங்கும் அந்தத் தெரு ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. முனையில் சமணர்களின் லால் மந்திர்; தோல் பெல்ட், தோல் பர்ஸோடு உள்ளே போகக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள். அதன் வளாகத்திலேயே பறவைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி உண்டு. சிறகு ஒடிந்த புறாக்கள் கூண்டு கூண்டாக உட்கார்ந்திருக்கும். எந்தக் கோவிலுக்கும் வர மாட்டேன் என்கிற பிள்ளைகளும் இங்கே நின்றுவிடுவார்கள். பக்கத்திலேயே கௌரி சங்கர் கோவில். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயம், அப்புறம் சீஸ்கஞ்ச் குருத்வாரா. சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர் 1675-இல் ஔரங்கசீப் ஆணையால் தலை வெட்டப்பட்ட இடம் அது. அதை ஒட்டியே நிற்கிற சின்ன சுனேரி மசூதியில் இருந்துதான், 1739-இல் பாரசீக மன்னன் நாதிர் ஷா, தன் படையால் ஊரே வெட்டுப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். தெருவின் மறுகோடியில் ஷாஜகானின் மனைவியரில் ஒருவர் 1650-இல் கட்டிய ஃபதேபூரி மசூதி. இதையெல்லாம் ஓர் ஆள் அங்கங்கே நிறுத்தி இரண்டு நிமிடம் சொன்னால் போதும், எல்லாவற்றுக்கும் உள்ளே போக வேண்டியதில்லை. பகலில் அந்தத் தெருவில் கார் ஓடாது. நடக்க முடியாதவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்கும்.

ஜாமா மசூதியையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் தொழுகை நேரத்தில் சுற்றிப்பார்க்க வருபவர்களை உள்ளே விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கமே போக வேண்டாம். படிகள் நிறைய, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளட்டும். வெயில் காலத்தில் முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும், சாக்ஸ் போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம்.

சாயங்காலம் பங்களா சாகிப் குருத்வாரா. எனக்கு ஒரே ஓர் இடம்தான் என்றால் இதைத்தான் சொல்வேன். எட்டாவது குரு ஹர்கிஷன் 1664-இல் தங்கிய மாளிகை இருந்த இடம். ஆண், பெண் எல்லாரும் தலையை மூட வேண்டும், துணி அங்கேயே கிடைக்கும். பாக்கெட்டில் சிகரெட், பான்பராக் இருந்தால் முன்னாலேயே வெளியே போட்டுவிட வேண்டும். உள்ளே கொஞ்ச நேரம் கீர்த்தனை கேட்டுவிட்டு, குளத்தைச் சுற்றி வந்து, லங்கரில், அதாவது எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் கூடத்தில், வரிசையாகத் தரையில் உட்காருங்கள். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும், தட்டில் போடச் சொல்லி விரலை நீட்டக் கூடாது. சாப்பிட்டதும் விருப்பமுள்ளவர்கள் அடுப்படியில் ரொட்டி தேய்க்கலாம், பாத்திரம் கழுவலாம். வீட்டில் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத என் சித்தப்பா அங்கே வாளியை வாங்கி ஒரு வரிசை முழுக்கப் பருப்பு ஊற்றினார். சித்தி இன்னமும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

வியாழன் இரவு கிடைத்தால் நிஜாமுதீன் தர்கா, கவ்வாலி என்கிற சூஃபி பக்திப் பாட்டுக்காக. சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவும் அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் 1325-இல் சில மாத இடைவெளியில் மறைந்து அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். குஸ்ரோவுக்கு முதலில் சலாம் சொல்லிவிட்டுக் குருவிடம் போவது வழக்கம். சந்து குறுகல், நெரிசல் அதிகம், ரோஜாப்பூத் தட்டை வாங்கச் சொல்லிக் கடைக்காரர்கள் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். சமாதி அறைக்குள் பெண்களை அனுமதிப்பதில்லை, ஜாலி என்கிற கல் சல்லடைத் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இதை வாசலில் போய்த் தெரிந்துகொண்டால் மனம் புண்படும், கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் அந்தப் பாட்டுக்காகப் போகிறேன்.

அக்‌ஷர்தாமும் தாமரைக் கோவிலும் எல்லார் பட்டியலிலும் இருக்கும். இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. 1986-இல் திறந்த பஹாய் என்கிற மதத்தாரின் தாமரைக் கோவிலில் சிலையும் கிடையாது, பூசையும் கிடையாது, பேசாமல் உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான். உங்கள் குழுவின் அந்த இரண்டு நாத்திகர்களுக்கும் இது பிடிக்கலாம். அக்‌ஷர்தாம் பெரிய கோவில் வளாகம், அரை நாளை விழுங்கும், போனை உள்ளே கொண்டுபோக முடியாது. இருபது பேர் போன் இல்லாமல் பிரிந்தால் சேர்வது கஷ்டம், எங்கே, எத்தனை மணிக்கு என்று பேசிவைத்துவிட்டே உள்ளே நுழையுங்கள். பிரம்மாண்டம் பிடிக்கும் என்றால் போகலாம், எனக்கு ஒரு தடவை போதும்.

பெரியவர்களுக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர். 1973-இல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாதசுவாமி கோவில், நம்மூர்க் கருங்கல் வேலை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அப்புறம், வேறு மதத்தார் வழிபடும் இடத்துக்குள் போக மனம் ஒப்பாதவர்கள் எந்தக் குழுவிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். கட்டாயப்படுத்தவும் வேண்டாம், கிண்டலும் வேண்டாம். பக்கத்து டீக்கடையைக் காட்டிவிட்டு, இத்தனை மணிக்கு வருகிறோம் என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் போதும். செருப்புக்குப் பெரிய துணிப்பை இரண்டு எடுத்துப் போங்கள், மொத்தமாகப் போட்டு ஒரே டோக்கன் வாங்கிவிடலாம். வியாழன் காலை வந்து சனி இரவு கிளம்புகிற மாதிரி டிக்கெட் கிடைத்தால் மேலே சொன்னது எதுவும் விடுமுறையில் மாட்டாது. ஜாமா மசூதியும் அதே நாளில் வருவதால், வெள்ளித் தொழுகையில் மாட்டாமல் சாந்தினி சௌக்கை மட்டும் சனிக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.