பழைய பொம்மை வீடு: வாசகர் கேள்வி – பதில்

வீடு காலி செய்து கிளம்பிய ஒரு குடும்பத்திடம் மர பொம்மை வீடு வாங்கினேன். இரண்டு மாடி, ஆறு அறை. தரையில் மெல்லிய மாவு கொட்டிக் கிடக்கிறது. துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால் போதுமா?
– வாசகி, மடிப்பாக்கம்

போதாது. பெயிண்ட் டப்பாவை இப்போதைக்குத் திறக்கவே வேண்டாம். அந்த மாவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மரத்தில் 1 முதல் 2 மி.மீ. அளவில் வட்ட ஓட்டைகளும், அவற்றின் கீழே முகப்பவுடர் மாதிரி நைசான மாவும் இருந்தால் அது உளுக்கும் வண்டு. மாவாக இல்லாமல் மணல் மாதிரி நெருடினால் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். மண் பூசிய கோடுகள் தெரிந்தால் அது தரையிலிருந்து ஏறிய கரையான். அப்படியானால் பொம்மை வீட்டைவிட, அது இருந்த இடத்தையும் இனி வைக்கப்போகும் இடத்தையும் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

பூச்சி உயிரோடு இருக்கிறதா, பழைய தடம்தானா என்பதையும் சோதித்தாக வேண்டும். பிரஷ்ஷால் மாவு முழுவதையும் தட்டி எடுத்துவிட்டு, கறுப்பு சார்ட் பேப்பர் மேல் வீட்டை வைத்து இரண்டு வாரம் அசைக்காமல் விடுங்கள். புது மாவு விழுந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

மரச்சாமான், திரைச்சீலை போன்ற சின்னப் பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த மரத்தின் மேல் தண்ணீராகப் படிந்துவிடும். ஒரு நாள் கழித்துப் பிரிக்கலாம். வீட்டுக்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை சிரிஞ்சால் ஒவ்வொரு ஓட்டையிலும் விடுங்கள். பெயிண்ட் இல்லாத அடிப்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பிரஷ்ஷால் தடவுங்கள். பெயிண்ட் மேல் படவிட வேண்டாம், அதில் உள்ள கரைப்பான் பழைய பெயிண்டை இளக்கிவிடும். கையுறை போட்டு மொட்டை மாடியில் செய்யுங்கள். வாசனை முழுக்கப் போகும்வரை குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

அதன் பிறகு ஓட்டைகளை மெழுகாலோ பட்டியாலோ அடையுங்கள். அழகுக்காக மட்டும் இல்லை. நாளைக்குப் புது ஓட்டை விழுந்தால் அது தனியாகத் தெரிய வேண்டும்.

என் பொம்மை வீடு எந்த அளவுகோலில் செய்யப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மயிலாப்பூரில் வாங்கிய சொப்புச் சாமான்கள் அதற்குப் பொருந்துமா?
– வாசகர், பெரம்பூர்

வாசல் கதவை அளந்து பாருங்கள். நிஜக் கதவு ஏறக்குறைய ஆறரை முதல் ஏழு அடி. பொம்மை வீட்டில் அது ஆறரை முதல் ஏழு அங்குலம் இருந்தால் 1:12, அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். மூன்றரை அங்குலத்துக்குள் இருந்தால் 1:24. ஸ்வீடனின் லுண்ட்பி நிறுவனப் பொம்மை வீடுகள் 1:18. பார்பி பொம்மைக்கான வீடுகள் 1:6-ஐ ஒட்டி இருக்கும், ஆனால் அந்த வீடுகளின் கதவையும் கூரையையும் நம்பி அளக்க முடியாது, குறுக்கியே செய்திருப்பார்கள்.

மினியேச்சர் பொழுதுபோக்கில் அதிகம் புழங்குவது 1:12. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-ல் முடிந்த, இங்கிலாந்து ராணி மேரியின் பொம்மை வீடும் இதே அளவுதான். அது இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

சொப்பு வாங்கும்போது ஸ்கேல் கையில் இருக்கட்டும். முக்கால் அங்குலக் குடம் 1:12-இல் ஒன்பது அங்குலக் குடம், சரியாக உட்காரும். ஒரே செட்டில் வரும் மூன்று அங்குல அண்டாவோ வீட்டு மனிதரின் இடுப்பளவு உயரம் நிற்கும். செட்டாக வாங்காமல் சின்னவற்றைப் பொறுக்கி எடுங்கள். ஆறு அங்குல மரப்பாச்சி ஜோடி இருந்தால் இந்த வீட்டில் தாராளமாகக் குடிவைக்கலாம்.

பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிடலாமா?
– வாசகி, அண்ணா நகர்

உலர்வாகத் தேய்க்கவே கூடாது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் என்றால், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். 220 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, உரிந்து நிற்கும் விளிம்பை மட்டும் தேய்த்துச் சமப்படுத்துங்கள். என்95 மாஸ்க் கட்டாயம். சேறு மாதிரி வருவதைப் பழந்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையாக இருந்தால் தண்ணீரைச் சொட்டச் சொட்ட விடாதீர்கள். ஒரு முறை ஊதிய எம்.டி.எஃப். பழைய கனத்துக்குத் திரும்பாது, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டியிருக்கும்.

உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்டை ஏன் எடுக்க வேண்டும்? அதன் மேலேயே ஒரு கை பிரைமர், மெல்லியதாக இரண்டு கை அக்ரிலிக் போதும்.

சுவருக்கு கிஃப்ட் பேப்பர் ஒட்டினேன். குமிழி குமிழியாக எழும்பி, மூலைகளில் விலகி, ஒரு சுவரில் நிறமும் கலங்கிவிட்டது. இரண்டாவது முறையும் இதே கதை.
– வாசகி, ஆதம்பாக்கம்

மூன்றாவது முறை சுவரில் ஒட்டாதீர்கள். அட்டையில் ஒட்டி, அட்டையைச் சுவரில் நிறுத்துங்கள்.

குமிழிக்குக் காரணம் தண்ணீர். பசையின் ஈரத்தில் தாள் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுருங்காததால் எழும்பி நிற்கிறது. மூலையில் விலகுவதற்கு மழைக்காலம் காரணமாக இருக்கலாம். ஐப்பசியில் ஈரக்காற்றைக் குடித்து விரிந்திருக்கும் தாளை அளந்து வெட்டினால், ஏசி அறைக்குப் போனதும் அது சுருங்கி இடைவெளி விடும். நிறம் கலங்கியது இங்க்ஜெட் பிரின்ட்டாக இருந்தால் எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்த மை தண்ணீரில் கரையும். ஜெராக்ஸ் கடையில் கலர் லேசர் பிரின்ட் எடுத்தால் கலங்காது.

செய்முறை இதுதான். பழைய தாளை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் ஒரு துண்டை வெட்டி, எந்த அறை என்று எழுதி உறையில் போட்டு வையுங்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் ஒற்றி வைத்தால் தாள் இளகிவிடும். தட்டைக் கரண்டியால் தள்ளி எடுக்கலாம். அதிகம் நனைத்தால் ப்ளைவுட் அடுக்கடுக்காகப் பிரியும். பிறகு செய்தித்தாளில் சுவரின் மாதிரியை வெட்டி, சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, அதே அளவில் 1 மி.மீ. அட்டையை வெட்டுங்கள். ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல் அட்டையின் மேல் வையுங்கள், தாளின் மேல் வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டால் இழுத்து மெல்லிய படலமாக்கிவிட்டு, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். அட்டையின் பின்பக்கத்திலும் ஏதாவது வெற்றுத்தாளை இதேபோல ஒட்டிவிடுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டை தாள் இருக்கும் பக்கமாக வில்லாக வளையும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு முழுக்க அழுத்தி வையுங்கள்.

முதலில் பின்சுவர், அடுத்துப் பக்கச் சுவர்கள். பக்க அட்டைகள் பின் அட்டையை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அடியில் 8 முதல் 12 மி.மீ. உயரச் சட்டத்தை, இரண்டு ஓரத்திலும் ஒரு பொட்டு ஃபெவிகால் வைத்து நிறுத்துங்கள். சின்ன இடைவெளிகள் அதற்குள் மறைந்துவிடும், பின்னால் எடுக்கவும் எளிது. ஹாட் க்ளூவும் டபுள் டேப்பும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் இரண்டும் இளகி, அட்டை முன்னால் சாயும்.

மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவோரும் உண்டு. கரப்பானுக்கும், வெள்ளி நிறத்தில் ஓடும் புத்தகப் பூச்சிக்கும் அது விருந்து. பைண்டிங் செய்பவர்கள் அதற்காகவே மயில்துத்தம் கலப்பார்கள். ஆனால் அது விஷம், குழந்தைகள் கைபடும் பொருளுக்கு ஆகாது.

தாளில் உள்ள பூவின் அளவையும் பாருங்கள். நிஜச் சுவரில் ஆறு அங்குலப் பூ, 1:12-இல் அரை அங்குலம்தான். கிஃப்ட் பேப்பரில் உள்ள பெரிய பூக்கள் அறையையே விழுங்கிவிடும். பாரிமுனை ஆண்டர்சன் தெருக் கடைகளில், அழைப்பிதழுக்காக வரும் தாள்களில் பொடி வேலைப்பாடு உள்ளவை நிறைய கிடைக்கும்.

பத்து எல்.இ.டி. போட்டு போன் சார்ஜரில் இணைத்தேன். சில பளிச்சென்று எரிந்து போய்விட்டன, சில மங்கல். பவர் பேங்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது.
– வாசகர், குரோம்பேட்டை

மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் எல்லாவற்றையும் இணையாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரே பாக்கெட்டில் வந்த எல்.இ.டி.க்கள்கூட ஒரே வோல்ட்டில் எரியத் தொடங்குவதில்லை. சற்றுக் குறைவான வோல்ட்டில் எரிவது அதிக மின்சாரத்தை இழுத்துக்கொண்டு சூடாகிப் போய்விடும்.

ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3.1 வோல்ட் வேண்டும். சார்ஜர் தருவது 5. மீதி 1.9 வோல்ட்டை 10 மில்லி ஆம்பியருக்கு, அதாவது 0.01-ஆல் வகுத்தால் 190. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 220 ஓம். கால் வாட் போதும். 12 வோல்ட் அடாப்டர் என்றால் மூன்று எல்.இ.டி.யைத் தொடராக இணைத்து, அந்தத் தொடருக்கு ஒரு 270 ஓம் வையுங்கள். 20 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கலாம்தான், ஆனால் அறை ஆஸ்பத்திரி மாதிரி வெளுத்துத் தெரியும். 'வார்ம் ஒயிட்' கேட்டு வாங்கிக் குறைவாக எரியவிடுங்கள்.

பவர் பேங்க் அணைவது பழுது இல்லை. பத்து விளக்கும் சேர்ந்து 90 மில்லி ஆம்பியர்கூட எடுக்காது. இவ்வளவு குறைவாக எடுத்தால், இணைத்த போன் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பல பவர் பேங்குகள் தானாக நின்றுவிடும். சார்ஜரிலேயே ஓட்டுங்கள்.

ஒட்டும் செம்பு டேப்பில் இணைப்பு கொடுத்தால் மூட்டுகளை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கடற்காற்றில் செம்பு பச்சை பூக்கும், வெறுமனே ஒட்டிய மூட்டு ஒரு வருடத்தில் மினுக்க ஆரம்பிக்கும். ஒயரை விரும்புகிறவர்கள் சுவர் அட்டைக்குப் பின்னால் ஓட்டலாம். அட்டை கழன்று வருவதால் ரிப்பேரும் எளிது. எல்.இ.டி., ரெசிஸ்டர், ஸ்லீவ் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடிந்துவிடும்.

வீட்டோடு வந்த பழைய டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் 230 வோல்ட்டில் செருகிப் பார்க்காதீர்கள். உள்ளே இன்சுலேஷன் பொடிந்திருக்கும்.

ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினேன், ஓரமெல்லாம் வெள்ளையாகப் பனி படர்ந்துவிட்டது.
– வாசகி, கொளத்தூர்

ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி படிந்தது அது. ஈரக்காற்றில் இன்னும் அதிகமாகும். துடைத்துப் போகவில்லை என்றால் ஷீட்டை மாற்றுங்கள். ஜன்னலுக்கு, காய்ந்தால் தெளியும் வெள்ளைப் பசையே நல்லது; குச்சி முனையால் பொட்டுப் பொட்டாக வையுங்கள்.

வெளிநாட்டுப் பாணி பொம்மை வீட்டை ஊஞ்சல், சிவப்புத் தரை, இட்லியோடு நம் வீடாக மாற்ற ஆசை. மாற்றலாமா?
– வாசகி, திருவான்மியூர்

வெளிச்சுவரும் உள்தாளும் தயாரித்தபோது இருந்தபடியே இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். ஒருமுறை அடித்த பெயிண்டைத் திரும்ப எடுக்க முடியாது, பழைய தாளைத் திரும்ப வாங்கவும் முடியாது. கழற்றக்கூடிய அட்டைகளின் மேல் உங்கள் வீட்டைக் கட்டுங்கள். தச்சர் அடித்த பெட்டி, ஏற்கெனவே பலமுறை பெயிண்ட் கண்டது என்றால் தயங்காமல் மாற்றலாம்.

சிவப்புத் தரைக்கு, 2 மி.மீ. பலகையை அறை அளவுக்கு வெட்டி, பிரைமர் போட்டு, செங்காவி நிற அக்ரிலிக்கை மூன்று கை மெல்லியதாக அடியுங்கள். ஒவ்வொரு கைக்கும் இடையில் 400 நம்பர் பேப்பரால் லேசாகத் தேய்க்க வேண்டும். சுற்றிலும் அரை அங்குலக் கறுப்புக் கரை. கடைசியில் நிறமில்லாத ஷூ பாலிஷைப் பூசித் துணியால் பளபளப்பாக்குங்கள். வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் பளபளப்புதான் வரும், காலகாலமாகத் துடைத்த தரையின் மினுமினுப்பு வராது. ஆத்தங்குடிக் கல் வேண்டுமென்றால், எட்டு அங்குலக் கல் இங்கே 17 மி.மீ. அவற்றை நெருக்கமாக ஒட்டிப் பதிப்பதுதான் வழக்கம், நடுவில் வெள்ளைக் கோடு போடாதீர்கள்.

ஊஞ்சல் பலகை 5 அங்குலத்துக்கு 2 அங்குலம், கனம் 3 மி.மீ. சங்கிலிக்கு, கண்ணி 3 மி.மீ.-க்கு மேல் போகாத கவரிங் செயின். தொங்கவிட்டதும் பலகை கோணலாக நிற்கும், சங்கிலி நெளியும். பலகைக்குச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் எடை இல்லாததுதான் காரணம். அடிப்பக்கத்தில் குழித்து, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இரும்பு வாஷரைப் பதித்தால் நேராகிவிடும்.

இட்லி 6 மி.மீ. விட்டம். பாலிமர் களிமண்ணில் வெள்ளையும் நிறமற்றதும் பாதிக்குப் பாதி கலந்தால்தான் வெந்த மாவின் நிறம் வரும். வெறும் வெள்ளை, சுண்ணாம்புக் கட்டியாகத் தெரியும். உருட்டி, நடு உப்பலாகவும் ஓரம் மெலிந்தும் அழுத்தி, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகக் குத்துங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் வெப்பத்தில் – பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரிக்குள் – சுடுங்கள். சாதாரண மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. வீட்டு ஓவன் குறித்த சூட்டைத் தாண்டி ஏறுவதால் இட்லி பழுப்பாகும். மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவிழ்த்து வையுங்கள்.

சாம்பாருக்கு, இரண்டு திரவத்தைக் கலந்ததும் இறுகும் எபாக்ஸியில் அக்ரிலிக் பெயிண்டைக் கலக்காதீர்கள். அதிலுள்ள தண்ணீரால் எபாக்ஸி இறுகாமல் பிசுபிசுக்கும். சாக் பேஸ்டல் குச்சியைச் சுரண்டிய பொடி, குச்சி முனையளவு போதும்.