ரெயின்கோட் போட்டும் சட்டை நனைந்தால்

கோட் ஒழுகவில்லை, அநேகமாக உங்கள் வியர்வைதான். உச்சிப்புளியிலிருந்து டூவீலரில் ராமேஸ்வரம் போவதற்குள் முதுகும் முழங்கையும் ஈரமாகிறது என்கிறீர்கள். மழையும் வாடைக்காற்றும் பிளாஸ்டிக்கைக் குளிரவைக்க, உடம்புச் சூட்டில் எழும் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நீராகப் படிகிறது.

சந்தேகமிருந்தால் கோட்டுக் கையின் நுனியை இறுக்கி முடிந்து, உள்ளே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். தையலில் சொட்டினால் ஒழுகல். சொட்டாவிட்டால் அக்குளில் காற்றுத்துளை உள்ள கோட் வாங்குங்கள், அப்புறம் மாற்றுச்சட்டை ஒன்றைப் பாலித்தீன் பையில் கட்டி சீட்டுக்கடியில் வையுங்கள்.

காற்றோட்டத்துக்காகத் தொளதொளப்பான கோட் மட்டும் வேண்டாம். பாம்பன் சாலைப்பாலத்தில் சுமார் 2.3 கிலோமீட்டருக்குப் பக்கக்காற்றுக்கு மறைப்பே கிடையாது, கோட் பாய்மரம் மாதிரி விரிந்து வண்டியையே இழுத்துவிடும். புயல் கூண்டு ஏற்றிய நாளில் தயவுசெய்து பஸ்ஸில் போங்கள்.