ஆன்டிகனி கட்டுரைக்கு நூலகத்தில் எங்கே தொடங்குவது?

தம்பி, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துக் கொலம்பஸுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது என்றும், பொறியியல் படிக்க வந்த உங்களுக்குக் கட்டாயப் பாடமாக அமைந்த இலக்கிய வகுப்பில் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளீஸின் ‘ஆன்டிகனி’ நாடகம் பற்றி ஆறு பக்கக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நான்கு ஆய்வுச் சான்றுகளாவது வேண்டும், பொதுவான இணையதளங்கள் செல்லாது என்று சொல்லிவிட்ட நிலையில் கல்லூரி நூலகத்தில் எங்கே தொடங்குவது, நூலகரிடம் போய்க் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்பவை உங்கள் இரண்டு கேள்விகள்.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2001இல் நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கும் அதே தயக்கம் இருந்தது. நான் ஊரில் படித்த கல்லூரியில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். புத்தக அடுக்குகளின் பக்கம் போனதே இல்லை. இங்கே அடுக்குகள் திறந்தே கிடக்கின்றன, ‘ரெஃபரன்ஸ்’ மேசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதும் உங்களைப் போன்றவர்கள் வந்து கேட்பதற்காகத்தான். கேட்காமல் நான் வீணாக்கிய மாலைகள் பல. பெரிய கல்லூரிகளில் ஒவ்வொரு துறைக்கும் தனி நூலகர் இருப்பார். செவ்வியல் துறைக்கு, அதாவது பண்டைய கிரேக்க, லத்தீன் இலக்கியத்துக்கு, யார் என்று கேட்டு, அவரிடம் அரைமணி நேரம் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ‘ஆன்டிகனி பற்றி ஏதாவது வேண்டும்’ என்று போய் நிற்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவரும் ஏதாவதைத்தான் தர முடியும்.

ஆகவே போவதற்கு முன் கேள்வியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அரசின் சட்டமா, தெய்வத்தின் சட்டமா என்பது உங்கள் வகுப்பில் பாதிப்பேர் எடுக்கும் தலைப்பு. அதைவிடச் சிறியதாக, நாடகத்துக்கு உள்ளேயே இருக்கும் ஒரு முரணை எடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆன்டிகனியின் அண்ணன் பாலினைசீஸின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்று தீப்ஸ் நகர மன்னன் கிரேயோன் ஆணையிட்டிருக்கிறான். முதல்முறை உடல்மீது யாரோ மெல்லிய புழுதி தூவியிருப்பதைக் காவலர்கள் காண்கிறார்கள். தூவியவரின் தடயம் ஒன்றும் இல்லை. புழுதியை அவர்கள் அகற்றிவிட்டுக் காத்திருக்க, நண்பகலில் சூறைக்காற்று வீசி ஓய்ந்ததும் ஆன்டிகனி அங்கே நின்று அழுதுகொண்டிருக்கிறாள், மறுபடி புழுதி தூவுகிறாள், பிடிபடுகிறாள். சடங்குக்கு ஒருமுறை தூவியதே போதும் என்றால் அவள் ஏன் திரும்பி வந்தாள்? முதல்முறை செய்தவர்கள் தெய்வங்களே என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. தங்கை இஸ்மேனிதான் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆறு பக்கத்துக்கு இது தாராளம்.

அடுத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்கு முன் இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படியுங்கள். பலர் தாண்டிவிடும் படி இது, எனக்கோ இதுவே முதன்மையானது. கிரேக்க, லத்தீன் நூல்களை மொழிபெயர்ப்புடன் வெளியிடும் ‘லோப்’ வரிசையில் பச்சை அட்டை போட்டவை கிரேக்க நூல்கள். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். 1994இல் வந்த ஹியூ லாய்ட்-ஜோன்ஸின் பதிப்பை எடுங்கள். அதனுடன் 19ஆம் நூற்றாண்டின் ரிச்சர்ட் ஜெப் பதிப்பை ஒப்பிடுங்கள். அவருடைய மொழிபெயர்ப்பும் உரையும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டிலும் 572ஆம் அடியைப் பாருங்கள். ‘அன்புக்குரிய ஹேமோனே, உன் தந்தை உன்னை எப்படி அவமதிக்கிறார்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். ஹேமோன் ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவன். கைப்பிரதிகளில் இந்த வரி இஸ்மேனியின் வாயில் இருக்கிறது. 1502இல் வெனிஸில் அச்சான ஆல்டஸ் பதிப்பு இதை ஆன்டிகனிக்குக் கொடுத்தது, ஜெப்பும் அதையே ஏற்றார், பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பலர் இஸ்மேனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆன்டிகனி சொன்னதாக வைத்தால், நாடகம் முழுவதிலும் தன் காதலனை அவள் பெயர் சொல்லி நினைக்கும் ஒரே இடம் அது. இல்லையென்றால் ஓரிடம்கூட இல்லை. சங்கப் பாடலில் தோழி கூற்றா, தலைவி கூற்றா என்று உரையாசிரியர்கள் வேறுபடுவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்; அந்தப் பழக்கம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும். மார்க் கிரிஃபித் 1999இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் பதிப்பின் உரையையும் புரட்டிப் பாருங்கள். கிரேக்கம் தெரியாவிட்டாலும் ஆங்கில விளக்கம் புரியும்.

புத்தகங்கள் இருக்கும் இடம் எளிது. அமெரிக்கக் கல்லூரி நூலகங்கள் பெரும்பாலும் ‘லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்’ எனும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பகுப்பைப் பின்பற்றுவதால் சோஃபோக்ளீஸின் மூலம் ‘PA 4413’ என்ற எண்ணிலும், மொழிபெயர்ப்புகள் 4414இலும், திறனாய்வு நூல்கள் 4417இலும் இருக்கும். கணினியில் ஒரு நூலைக் கண்டுபிடித்ததும் திரும்பிவிடாமல் அந்த அடுக்கின் முன் கால்மணி நேரம் நில்லுங்கள்.

ஆய்விதழ்களுக்கு, அவற்றைத் திரட்டி வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் தொடங்கலாம். நாடகத்தின் பெயரை மட்டும் இட்டால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அதனுடன் அடக்கம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையோ காவலன் என்பதற்கான சொல்லையோ சேருங்கள். கிரேயோன் பெயரைச் சிலர் ‘சி’ எழுத்திலும் சிலர் ‘கே’ எழுத்திலும் தொடங்குவார்கள் என்பதால் இரண்டு வகையிலும் தேட வேண்டும். செவ்வியல் துறைக்கென்றே 1920களிலிருந்து வரும் ‘லானே ஃபிலலாஜிக்’ என்ற பிரெஞ்சு நூலடைவுக்கு உங்கள் கல்லூரி சந்தா கட்டியிருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். எப்போதும் நூலகப் பக்கத்தின் வழியாக, கல்லூரிக் கணக்கில் நுழைந்தே தேடுங்கள். நான் முதல் ஆண்டில் ஓர் ஆய்விதழின் தளத்துக்கு நேராகப் போய், ஒரு கட்டுரைக்கு முப்பது டாலருக்கு மேல் கட்டினேன். எங்கள் நூலகம் அந்த இதழை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. அன்றைக்கு அது எனக்கு ஒரு வாரத்து மளிகைச் செலவு. நூலகத்தில் இல்லாத புத்தகத்தை ஓஹாயோ நூலகங்களின் கூட்டமைப்பான ஓஹாயோலிங்க் வழியாக மாநிலத்தின் வேறு கல்லூரிகளிலிருந்து கேட்டால் சில நாட்களில் வந்துவிடும். அங்கும் இல்லாதவற்றுக்கு ‘இன்டர்லைப்ரரி லோன்’ என்ற நூலகங்களுக்கிடையிலான இரவல் உண்டு. கட்டுரை என்றால் பெரும்பாலும் மின்கோப்பாகவே அனுப்பிவிடுவார்கள்.

நான்கு சான்றுகள் என்றால் உங்கள் கருத்தை ஆமோதிக்கும் நான்கு பேர் என்று பொருள் கொள்ளாதீர்கள். ஒருவரோடொருவர் முரண்படுகிறவர்களைத் தேடுங்கள். 904 முதல் 920 வரையுள்ள அடிகளில், கணவனோ பிள்ளையோ இறந்தால் வேறொருவர் கிடைக்கக்கூடும், பெற்றோர் இறந்தபின் இன்னொரு சகோதரன் பிறக்க முடியாது என்று ஆன்டிகனி வாதிடுகிறாள். இப்பகுதி இடைச்செருகல் என்று யாராவது நிறுவிவிட மாட்டார்களா என்று 1827இல் ஜெர்மானியக் கவிஞர் கெதே ஏங்கினார், ஜெப்பும் ஐயுற்றார். ஆனால் நாடகம் அரங்கேறி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அரிஸ்டாட்டில் தம் ‘ரெட்டரிக்’ நூலில் இதே வாதத்தைச் சுட்டுகிறார் என்பதை மறுதரப்பு முன்வைக்கிறது. இப்படி ஒரு சச்சரவு கிடைத்துவிட்டால் கட்டுரைக்கு எலும்புக்கூடு கிடைத்த மாதிரி.

நாடகத்திலிருந்து மேற்கோள் காட்டும்போது பக்க எண் வேண்டாம், அடி எண் தர வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ராபர்ட் ஃபேகிள்ஸின் மொழிபெயர்ப்பில் அடிகளுக்குத் தனி எண்கள் இருப்பதால், மூலத்தில் 450இல் தொடங்கும் எழுதாச் சட்டம் பற்றிய பேச்சு அவரிடம் 500ஐ ஒட்டி வரும். எந்தப் பதிப்பின் எண் என்பதை முதல் மேற்கோளிலேயே சொல்லிவிடுங்கள். கட்டுரை கொடுக்க மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெளியிலிருந்து வரவேண்டிய நூல்களுக்கான விண்ணப்பத்தை மட்டும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.